இரண்டரை மணி நேரம்

"கண்ணு, உங்கப்பன் இருக்கிற ஊரு எவ்வளவு தூரம்?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் என் அப்பாவைப் பெற்ற பாட்டி. ஆயா என்றுதான் நாங்கள் அவரை அழைப்போம். அன்று நான் சட்டென்று ஒரு விடை சொன்னேன். அது தவறான விடை. பள்ளித் தேர்வில் எழுதியிருந்தால் ஒரு மதிப்பெண்ணோடு போயிருக்கும். ஆயாவிடம் சொன்னதால் அவர் அதை நம்பினார், நம்பிக் காத்திருந்தார். அந்த விடையை இங்கே திருத்தி எழுத விரும்புகிறேன்.

அன்புத் தோழியரே! எங்கள் சிங்காரப்பேட்டையை உங்களில் பலர் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில், செங்கத்துக்கு முன்னால் இருக்கிறது. இரயில் ஏற வேண்டுமானால் சாமல்பட்டிக்குப் போக வேண்டும். ஆகாய விமானத்தை நாங்கள் அண்ணாந்து பார்த்ததோடு சரி. மாந்தோப்பில் வேலை செய்யும்போது வானத்தில் வெள்ளைக்கோடு ஒன்று தெரிந்தால், ஆயா கையை நெற்றியில் வைத்து அது மறையும் வரை பார்ப்பார்.

2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் என் அப்பா கட்டட வேலைக்காகத் துபாய்க்குப் புறப்பட்டார். அப்போது நான் ஆறாம் வகுப்பு. அப்பாவின் பயணச்சீட்டை நான்தான் வாங்கி எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "பெங்களூரில் புறப்படும் நேரம் காலை 10-00. துபாய் சேரும் நேரம் பகல் 12-30" என்று அதில் இருந்தது. கழித்தல் கணக்கு எனக்கு நன்றாக வரும். பன்னிரண்டரையில் பத்துப் போனால் மீதி இரண்டரை.

அதனால் ஆயா கேட்டபோது, "ரெண்டரை மணி நேரம்தான் ஆயா! நாம திருவண்ணாமலை போயிட்டு வர்ற நேரம்" என்றேன்.

ஆயாவின் முகம் மலர்ந்தது. அப்பா கடல் தாண்டிப் போகிறார் என்று ஒரு வாரமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அன்று இரவு இரண்டு களி உருண்டை சாப்பிட்டார். அதற்குப் பின் வீட்டுக்கு வருகிற உறவினர் எல்லோரிடமும், "எம்மவன் ரெண்டரை மணி தூரத்துலதான் இருக்கான். பேத்தி கணக்குப் போட்டுச் சொல்லுச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எனக்கும் அது பெருமையாகவே இருந்தது.

2024 ஜனவரி மாதம், பொங்கல் முடிந்து அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை மாலை ஆயாவுக்கு நெஞ்சு அடைத்தது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். மாலை 4 மணிக்குச் சித்தப்பா துபாய்க்குத் தொலைபேசியில் அழைத்தார். பங்குத்தந்தை வந்து நோயில்பூசுதல் அளித்தார். அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு ஆயாவின் காலடியில் அமர்ந்தார்.

ஆயாவுக்கு நினைவு தப்பவில்லை. ஆறரை மணி இருக்கும். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ரெண்டரை மணி ஆச்சா?" என்று கேட்டார். "ஆச்சு ஆயா" என்றேன். "அப்போ வந்துடுவான்" என்று வாசலைப் பார்த்தார். எட்டு மணிக்கு மறுபடியும் கேட்டார். விடியற்காலையிலும் கேட்டார். புதன்கிழமை முழுவதும் கண் திறந்தபோதெல்லாம் அதே கேள்விதான். புதன் இரவு 9 மணிக்கு ஆயா இறைவனடி சேர்ந்தார். அப்போதும் அவர் தலை வாசல் பக்கமே திரும்பியிருந்தது.

அப்பா வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வந்தார். வழியில் மனம் உடைந்துவிடும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தெருமுனையில் பந்தலைக் கண்டதும் அவருக்கே தெரிந்துவிட்டது. மாலை 4 மணிக்கு அடக்கம். ஆயாவின் முகத்தைப் பார்க்கவும், கல்லறையில் ஒரு பிடி மண் போடவும் அவருக்குக் கிடைத்தது. மற்றது கிடைக்கவில்லை.

அன்றிரவு நான் அப்பாவிடம் கேட்டுவிட்டேன். "ரெண்டரை மணி தூரத்துக்கு ரெண்டு நாளாப்பா? ஆயா கேட்டுக்கிட்டே இருந்தாங்களே!"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து எனக்காக வாங்கி வந்திருந்த பேனாப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். பத்து நாட்கள் வீட்டில் இருந்தார். நான் கேட்டதற்குப் பதில் சொன்னேனே தவிர, நானாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திரும்பிப் போனபோது பேருந்து நிறுத்தத்துக்கும் போகவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் புவியியல் ஆசிரியையான சிஸ்டர் ஒரு செயல்முறைப் பாடம் நடத்தினார். உலக உருண்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, ஆளுக்கு ஒரு நூல்கண்டு கொடுத்தார். முதலில் நிலநடுக்கோட்டைச் சுற்றி அளக்கச் சொன்னார். ஒரு மீட்டர் இருந்தது. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகவே அந்த உருண்டையில் 1 சென்டிமீட்டர் என்பது 400 கி.மீ.

"இனி இரண்டு நகரங்களைத் தேர்ந்தெடுத்து நூலை இழுத்துப் பிடியுங்கள். இறுக்கமாகப் பிடித்தால் அது தானாகவே மிகக் குறுகிய வழியில் படியும். விமானம் கூடியவரை அந்த வழியைத்தான் தேடும்" என்றார்.

ஒரு தோழி பெங்களூரையும் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரையும் எடுத்துக்கொண்டாள். நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. வட துருவத்தை ஒட்டிப் போயிற்று! நாங்கள் வியந்தோம். 2021 ஜனவரி 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ஒன்று வட துருவத்தின் வழியாகப் பறந்து பெங்களூர் சேர்ந்தது என்றும், கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் அதை ஓட்டிய நால்வருமே பெண்கள் என்றும் சிஸ்டர் சொன்னபோது வகுப்பே கைதட்டியது. "நாட்காட்டிப்படி 9ஆம் தேதி இரவு கிளம்பி 11ஆம் தேதி அதிகாலை வந்தார்கள். ஆனால் பறந்த நேரம் ஏறத்தாழ 17 மணிதான். ஏன் என்று யோசியுங்கள்" என்று ஒரு புதிரையும் போட்டார்.

நான் பெங்களூரையும் துபாயையும் எடுத்துக்கொண்டேன். நூல் ஆறே முக்கால் சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 2,700 கி.மீ. பயணிகள் விமானம் உயரே சென்றபின் மணிக்கு 850 கி.மீ. அளவில் பறக்கும். வகுத்தால் மூன்று மணியும் பத்து நிமிடமும் வருகிறது. என் இரண்டரை மணி எங்கே போயிற்று? கணக்கை மறுபடி போட்டேன். அதேதான் வந்தது.

"சிஸ்டர், டிக்கெட்டில் இரண்டரை மணி நேரந்தான் இருந்தது" என்றேன்.

சிஸ்டர் அருகில் வந்தார். உருண்டையில் இரண்டு நகரங்களுக்கும் இடையே உள்ள தீர்க்கரேகைகளை எண்ணச் சொன்னார். சுமார் 22 பாகை. பூமி 15 பாகை சுழல ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே துபாயின் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். "டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். இரண்டரையோடு ஒன்றரையைக் கூட்டிப் பார்" என்றார். நான்கு மணி நேரம்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கும் நான்கு மணிக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் விளக்கினார். சீட்டில் உள்ள நேரம் சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் அன்று. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும் நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும். முறை வரக் காத்திருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. வான்வழிகளும் நூல் பிடித்தாற்போல் நேராக அமைவதில்லை. குளிர்காலத்தில் உயரே மேற்கிலிருந்து கிழக்காக வலிய காற்று வீசுவதால், போகும்போது நேரம் கூடும், வரும்போது குறையும்.

இதே காரணத்தால்தான் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆகாயத் தூரம் சுமார் 270 கி.மீ. மட்டுமே ஆனாலும், கால அட்டவணையில் ஒரு மணி நேரம் போடுகிறார்கள். விமான நிலையத்துக்குப் போகும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால், 360 கி.மீ. தண்டவாளத்தில் நாலரை மணியில் ஓடும் வந்தே பாரத் இரயிலும் ஏறத்தாழ அதே நேரத்தில் வீட்டில் சேர்த்துவிடும் என்றார் சிஸ்டர்.

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயாவின் "ரெண்டரை மணி ஆச்சா?" என்ற குரலே காதில் கேட்டது.

வகுப்பு முடிந்ததும் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "புனித சவேரியார் 1541 ஏப்ரல் 7ஆம் நாள் லிஸ்பனில் கப்பலேறினார், 1542 மே 6ஆம் நாள் கோவாவில் இறங்கினார். பதின்மூன்று மாதங்கள். அத்தனை நாளும் கப்பல் ஓடிக்கொண்டா இருந்தது? காற்று திரும்பும் வரை மொசாம்பிக்கில் பல மாதங்கள் காத்திருந்தார்கள். வழியில் நின்ற நாட்களும் பயணந்தான். உன் அப்பா எங்கெங்கே நின்றார் என்று நீ கேட்டாயா?" என்றார்.

நான் கேட்கவில்லை. இரண்டு நாளா என்று மட்டுமே கேட்டிருந்தேன்.

அடுத்த விடுமுறை நாளில் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்பா, அன்னைக்கு நீங்க வந்த கணக்கைச் சொல்லுங்க. எழுதணும்" என்றேன். முதலில் எதற்கு என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். நம் ஊர் நேரத்துக்கு மாற்றி நான் எழுதியது இது:

சித்தப்பா அழைத்தபோது அப்பா உயரமான கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தார். கைப்பேசி கீழே பெட்டியில் இருந்தது. வேலை முடிந்து இறங்கிச் செய்தி அறிந்தபோது 3 மணி நேரம் கழிந்துவிட்டது.

பாஸ்போர்ட் அலுவலகப் பெட்டகத்தில் இருந்தது. அலுவலகம் மூடியிருந்தது. இரவெல்லாம் மேற்பார்வையாளரின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அனுமதியும் பாஸ்போர்ட்டும் கைக்கு வரப் பதினாறரை மணி நேரம்.

டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை. அறைத் தோழர்கள் ஐந்து பேர் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். அவர்களில் இருவர் மலையாளிகள், ஒருவர் நேபாளி. அன்றிரவு விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அது புறப்படும் வரை 12 மணி நேரம்.

விமானம் பறந்து பெங்களூர் வந்து நிற்க மூன்றே முக்கால் மணி நேரம்.

குடியேற்றச் சோதனை, பெட்டி எடுத்தல், வெளியே வருதல் ஆகியவற்றுக்கு ஒன்றேகால் மணி நேரம்.

விமான நிலையத்திலிருந்து சிங்காரப்பேட்டைக்கு 6 மணி நேரம்.

கூட்டினேன். நாற்பத்திரண்டரை மணி நேரம். செவ்வாய் மாலை 4 மணியிலிருந்து வியாழன் காலை பத்தரை வரை சரியாக இருந்தது. அதில் விமானம் எடுத்துக்கொண்டது பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2,700 கி.மீ. கடலையும் பாலைவனத்தையும் மூன்றே முக்கால் மணியில் கடந்த அப்பா, கடைசி இருநூறு கிலோமீட்டருக்குள் வர ஆறு மணி நேரம் ஆகியிருக்கிறது!

2008 மே மாதம் வரை பெங்களூரின் பயணிகள் விமான நிலையம் நகருக்குள்ளேயே இருந்தது. பிறகு நகருக்கு வடக்கே தேவனஹள்ளிக்கு மாறியது. வான்வழித் தூரத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் தெற்கே ஓசூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பெங்களூர் முழுவதையும் கடக்க வேண்டியதாயிற்று. ஓசூரிலேயே பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27 அன்று தமிழக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, எங்கள் தெருவில் அப்பாமார் வெளிநாட்டில் உள்ள வீடுகளில் அதைத்தான் பேசினார்கள். அது வந்தால் அப்பாவின் கணக்கில் சில மணி நேரம் குறையலாம். ஆனால் அந்தப் பதினாறரை மணி நேரத்தை எந்த விமான நிலையமும் குறைக்க முடியாது.

என் சித்தி பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கும் வேலை செய்கிறார். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அங்கே ஓய்வே இருக்காது. விடியலில் வெட்டிய மொட்டுகளைக் குளிர் அறையில் வைத்து, குளிரூட்டிய வண்டியில் பெங்களூர் விமான நிலையத்துக்கு அனுப்புவார்கள். வளைகுடா நாடுகளுக்கும் அவை போகின்றன. "ரோஜா எப்படிச் சித்தி வாடாமல் போகிறது?" என்று கேட்டேன். "அதுக்கு வேண்டிய தாள் எல்லாம் முன்னாடியே தயாரா இருக்கும். எங்கேயும் ஒரு நிமிஷம் நிற்காது" என்றார். அந்தப் பதிலைக் கேட்டு வெகுநேரம் யோசித்தேன். ஓசூர் ரோஜாவும் என் அப்பாவும் ஒரே வானத்தில்தான் போய்வருகிறார்கள். ரோஜாவுக்காக முன்கூட்டியே யோசிக்கும் உலகம், மனிதனுக்காகவும் யோசித்திருந்தால் ஆயா மகனின் முகத்தைப் பார்த்திருப்பார்.

இப்போது நாங்கள் யோசித்துவிட்டோம். தொழிலாளியின் அடையாள ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்வதை அப்பாவின் அறைத் தோழர் ஒருவர் படித்துச் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். பாஸ்போர்ட் இப்போது அவர் பெட்டியில் இருக்கிறது. ஒரு டிக்கெட்டுக்கான பணத்தையும் தனியே எடுத்து வைத்திருக்கிறார். அம்மா அதற்கு "அவசர உண்டியல்" என்று பெயர் வைத்திருக்கிறார். விமானிகளுக்கும் வானில் பயணம் செய்வோருக்கும் பாதுகாவலியாக லொரேத்தோ மாதாவைத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1920ஆம் ஆண்டு அறிவித்தார் என்று சிஸ்டர் சொன்னதிலிருந்து, எங்கள் வீட்டு இரவுச் செபத்தில் அந்த அன்னையின் பெயரும் சேர்ந்துவிட்டது.

தொலைபேசியில் கணக்கைச் சொல்லி முடித்தபின் அப்பா இன்னொன்றும் சொன்னார். அந்த வியாழக்கிழமை பௌர்ணமியாம். பெங்களூரில் ஏறிய திருவண்ணாமலைப் பேருந்தில் கிரிவலம் செல்வோர் கூட்டம் நிரம்பி வழிந்தது. இரண்டு நாளாகத் தூங்காத அப்பா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தார். ஓசூர் தாண்டியதும், விபூதி அணிந்த பெரியவர் ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கேப்பா போறே?" என்று விசாரித்தாராம். விவரம் அறிந்ததும் எழுந்து தம் இடத்தைக் கொடுத்து, சிங்காரப்பேட்டை வரை அவரே நின்றுகொண்டு வந்தாராம். "அவர் பெயரைக் கூடக் கேக்கலம்மா. உங்க ஆயாவுக்கு மண் போடும்போது அவருக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டேன்" என்றார் அப்பா.

அன்றுதான் நான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ சின்னப் பிள்ளை. கணக்குத் தப்பினா திருத்திக்கலாம்" என்றார். அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை.

தோழியரே, உங்களில் சிலருக்கும் அப்பாவோ அண்ணனோ தொலைதூரத்தில் இருக்கலாம். அவர்கள் வரத் தாமதமானால் விமானத்தின் நேரத்தை மட்டும் பார்த்து அளக்காதீர்கள். வழியில் எங்கெங்கே நின்றார்கள், யார் வாசலில் காத்திருந்தார்கள், யாரிடம் கடன் கேட்டார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டால் அவர்கள் சொல்வார்கள். கேட்காவிட்டால், என் அப்பாவைப் போல, பேனாப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார்கள்.

2024 நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நினைவுநாள். ஆயாவின் கல்லறையில் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். எல்லோரும் நகர்ந்தபின் நான் மட்டும் சிறிது நேரம் நின்றேன்.

"ஆயா, அது ரெண்டரை மணி தூரம் இல்லை. அப்பா அன்னைக்கு நாப்பத்திரண்டரை மணி நேரம் வந்துக்கிட்டே இருந்தாரு. நீங்க வாசலைப் பார்த்தப்பவும் வந்துக்கிட்டுதான் இருந்தாரு. கணக்குத் தப்பு என்னோடது" என்று சொன்னேன்.

பிறகு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

(பத்தாம் வகுப்பு மாணவி)